கடைத்திணை: கிட்டார்க் குழுவின் கடைக் கச்சேரியில் நிற்றலும் நிற்றல் நிமித்தமும்

ஆய்வுச் சுருக்கம்

முதல் ஆல்பம் வெளியான வாரத்தில், வளர்ந்துவரும் கிட்டார்க் குழு ஒன்று இசைத்தட்டுக் கடையின் மூலையில் நின்று ஆறேழு பாட்டு வாசிக்கும். பிறகு வாங்கியவர்களுக்குத் தட்டின் உறையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது நெடுநாள் வழக்கம். அங்கே இதை ‘இன்-ஸ்டோர்’ என்பார்கள். இக்கட்டுரை ‘கடைக் கச்சேரி’ என்னும். இதில் குழு நிகழ்த்துகிறது, கூட்டம் பார்க்கிறது என்பதே அறிஞரும் அல்லாதாரும் இதுவரை கொண்ட முடிபு. அம்முடிபு தலைகீழானது. கடைக் கச்சேரியில் நிகழ்த்துபவர் ரசிகர், பார்வையாளர் குழு. நிலம், பொழுது, ஒலி, கைதட்டல், கல்லா, கையெழுத்து ஆகியவற்றாலும் ஒரு நாயின் சாட்சியத்தாலும் இதை நிறுவ முற்படுகிறது இவ்வாய்வு.

1. ஆய்வு எல்லை

எல்லை வகுக்காத ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் கிழித்துவிடுவார்கள் என்பதால் முதலில் எல்லை.

‘கிட்டார்க் குழு’ எனில் இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். சிலபோது ஓரமாக ஒரு கீபோர்டு இருக்கும். அதை வாசிப்பவர் பெயர் யாருக்கும் தெரியாது. ‘வளர்ந்துவரும்’ என்பதற்கு மூன்று இலக்கணங்கள் கொள்ளப்பட்டன. ஒன்று, வந்த வேனை ஓட்டியவர் குழுவிலேயே ஒருவராக இருத்தல். இரண்டு, டிரம்மரின் அம்மா கூட்டத்தில் இருத்தல். மூன்று, மேடைக்குப் போக வழி கேட்டுக்கொண்டு குழு வரும்போது, வருவது யாரென்று தெரியாமல் ஒருவராவது ‘வரிசையில் வாருங்கள்’ என்று முறைத்தல். மூன்றும் பொருந்தினால் உத்தமம்; இரண்டு பொருந்தினால் மத்திமம்; ஒன்றும் பொருந்தாவிட்டால் அக்குழு வளர்ந்துவிட்டது, நம் ஆய்வுக்கு ஆகாது.

இவ்விலக்கணத்தால் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி விலக்கப்படுகிறார். 2007 ஜூன் 27 அன்று அவர் ஹாலிவுட்டின் அமீபா மியூசிக் கடையில் இலவசமாகப் பாடினார். 2009 ஜூன் 15 அன்று லண்டன் ரஃப் டிரேட் ஈஸ்ட் கடையில் வாசித்த பிளர் குழுவும் விலக்கப்படுகிறது. அடுத்த மாதமே அவர்கள் ஹைட் பார்க்கில் பெருங்கூட்டத்துக்கு முன் நின்றார்கள். இவை அரசர் நகர்வலம் என்னும் வேறு துறையின்பாற்படும். ஆயினும் அமீபா நிகழ்ச்சியில் ஒரு செய்தி நம் கருதுகோளுக்கு உதவும். அன்று தட்டு அடுக்குகளுக்கு இடையே கேட்டு நின்றவர்களுள் ஒருவர் ரிங்கோ ஸ்டார். மேடையில் ஒரு பீட்டில், கீழே ஒரு பீட்டில். பாட்டு ஓடிக்கொண்டிருக்க, கூட்டத்தில் பாதி எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம்.

களம், கிழக்கு லண்டனில் ஒரு கடை. ஆய்வு நெறி கருதிப் பெயர் மறைக்கப்பட்டது. குழுவின் பெயரும் அவ்வாறே. கள உதவியாளராக வந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் கணக்காளராக இருக்கும் நண்பர். கிட்டாரில் அவருக்கு ஈடுபாடில்லை. ஆகவே நடுநிலைச் சாட்சி.

2. முன்வரலாறு

பாட்டு விற்கும் இடத்துக்குப் பாட்டுக்காரர் வருவது புதிதன்று. வேல்ஸின் கார்டிஃப் நகரிலுள்ள ஸ்பில்லர்ஸ் 1894-இல் தொடங்கியது; உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடை என்று பெயர் பெற்றது. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் எச்.எம்.வி. கடையை 1921 ஜூலை 20 அன்று திறந்துவைத்தவர் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர். அவர் கிட்டார் வாசித்தவர் அல்லர் என்பதால் இவ்வாய்வில் அவருக்கு இதற்குமேல் இடமில்லை.

1976-இல் ஜெஃப் டிராவிஸ் மேற்கு லண்டனில் ரஃப் டிரேட் கடையைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அதே பெயரில் தட்டு வெளியிடும் நிறுவனமும் வந்தது. 1983-இல் தி ஸ்மித்ஸ் குழுவினர் அதில் சேர்ந்தார்கள். கடையில் தட்டு விற்றுக்கொண்டிருந்தவரே தட்டு வெளியிடுபவர் ஆனார். கவுன்டருக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்ற எல்லை அன்றே தேயத் தொடங்கிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

துறையின் தலையாய சான்று சியாட்டிலில் உள்ளது. 1991 செப்டம்பர் 16 அன்று அந்நகரின் பீஹைவ் கடையில் நிர்வாணா குழு வாசித்தது. ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் கடைக்கு வர இன்னும் எட்டு நாள் இருந்தது. அடுத்த ஜனவரி 11-ஆம் தேதிப் பில்போர்டு பட்டியலில் அதே ஆல்பம் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ஸைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. நான்கு மாதத்துக்குள் குழு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கடையில் நின்றவர்களோ நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஆனால் அவர்கள் ‘அன்று நின்றவர்கள்’ ஆகிவிட்டார்கள். நிற்பதற்கு ஒரு பட்டம் கிடைக்குமென்று அதுவரை யாரும் எண்ணியிருக்கவில்லை.

மேல் எல்லைக்கும் சான்று உண்டு. 2008 ஜனவரி 16 அன்று ரேடியோஹெட் குழு ரஃப் டிரேட் ஈஸ்டில் வாசிப்பதாக அறிவித்தது. கூட்டத்தின் பாதுகாப்பு கருதி நிகழ்ச்சி பக்கத்திலுள்ள 93 ஃபீட் ஈஸ்ட் என்னும் கிளப்புக்கு மாற்றப்பட்டது. இதனால் பெறப்படுவது: கடையில் அடங்கும் வரைதான் அது கடைக் கச்சேரி.

3. முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் கற்றார் யாவரும் அறிந்தது.

நிலம், கடையும் கடை சார்ந்த இடமும். பல கடைகளில் தட்டு அடுக்குகளின் காலில் சக்கரம் இருக்கும். மாலையில் ஊழியர்கள் அவற்றைச் சுவரோரம் தள்ளுவார்கள். அதுவரை யாரும் மிதிக்காத தரை, நிறம் மாறாமல், நீள்சதுரம் நீள்சதுரமாக வெளிப்படும். சக்கரமில்லாத அடுக்குகள் ஆற்றில் பாறைபோல் அங்கேயே நிற்க, கூட்டம் அவற்றைச் சுற்றி ஓடித் தேங்கும். முதலில் வந்தவர் மேடைக்கு முன். அடுத்து வந்தவர் புதுவரவுப் பகுதியில். கடைசியில் வந்தவர் ஜாஸ் அடுக்குக்கும் தூணுக்கும் இடையில். அவருக்குப் பாடகரின் இடது காது மட்டும் தெரியும். ஆனால் வீடு திரும்பும்போது அவர் கையில் இரண்டு ஜாஸ் தட்டு இருக்கும். நிற்குமிடமே வாங்கும் பொருளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நிலத்தின் தலையாய இயல்பு விளக்கு. அரங்கத்தில் இருட்டு என்பது ரசிகரின் உரிமை. இருட்டில் அவர் கொட்டாவி விடலாம், கைபேசி பார்க்கலாம், பாட்டு வரியைத் தப்பாகப் பாடலாம். மேடைக்கு எதுவும் தெரியாது. கடையில் பார்கோடு படிப்பதற்காகப் போட்ட வெள்ளை விளக்கு கூரை முழுக்க எரியும். விலைச் சீட்டுத் தெரியும் வெளிச்சத்தில் முகமும் தெரியும். பாடகர் நிமிர்ந்தால் முதல் ஐந்து வரிசையின் முகங்களும் அவருக்கு ஒவ்வொன்றாகப் படும். மேடையும் ஓரடிப் பலகைதான், சிலபோது அதுவுமில்லை.

இந்நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள நேரடி இசைச் சட்டம், காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, 200 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு முன், ஒரு பணியிடத்தில் ஒலிபெருக்கி வைத்து இசை நிகழ்த்தத் தனி உரிமம் வேண்டா என்றது. 2015-இல் அந்த 200 என்பது 500 ஆயிற்று. கூர்ந்து படித்தால் ஓர் உண்மை புலப்படும். குழு எத்தனை பேர் என்பதைச் சட்டம் எண்ணவில்லை, கூட்டத்தைத்தான் எண்ணுகிறது. சட்டத்தின் கண்ணிலும் நிகழ்ச்சி என்பது ரசிகர்தாம்.

பொழுது இருவகை. சிறுபொழுது, மாலை ஆறரை. அலுவலகம் விட்டு வருவோர்க்கும் இரவு உணவுக்குப் போவோர்க்கும் இடைப்பட்ட நேரம். பெரும்பொழுது, வெளியீட்டு வாரம். 2015 ஜூலை 10 முதல் பெரும்பாலான நாடுகளில் புது ஆல்பம் வெள்ளிக்கிழமை வருகிறது. அந்த வெள்ளி முதல் அடுத்த வியாழன் வரையிலான ஏழு நாளே இத்திணைக்குரிய கார்காலம். மற்ற ஐம்பத்தொரு வாரமும் குழு வேனிலேயே கிடக்கும்.

4. கருப்பொருள்

தெய்வம், ஜான் பீல். பிபிசி ரேடியோ 1-இல் 1967 முதல் 2004-இல் மறையும் வரை, பெயர் தெரியாத குழுக்களின் பாட்டை இரவுதோறும் ஒலிக்கவிட்டவர். கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் நடுவயது ஊழியர் எவரையும் சற்று உசுப்பிவிட்டால் அவர் பெயரை உச்சரிப்பார்.

யாழ், ஃபெண்டர் கிட்டார். 1951-இல் பெயர் நிலைத்த டெலிகாஸ்டர் ஒன்று இருக்கும். கூடவே 1958-இல் வந்த ஜாஸ்மாஸ்டர் ஒன்று. ஜாஸ் வாசிப்பவர்களுக்கென்றே செய்த அதனை ஜாஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் தொடவில்லை. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடந்ததைப் பின்வந்த கிட்டார்க் குழுக்கள் வாரிக்கொண்டன. பறை, டிரம்ஸ். உணவு, கேன் பீரும் தண்ணீர்ப் பாட்டிலும். தொழில், புரட்டல்: கச்சேரி தொடங்கும் வரை கூட்டம் முழுவதும் தட்டு உறைகளை விரல்நுனியால் முன்னே சாய்த்துச் சாய்த்துத் தப், தப் என்று தள்ளிக்கொண்டிருக்கும். வாங்குவதற்காக அன்று, கைக்கு வேலை வேண்டுமே என்பதற்காக.

மா, நிப்பர் என்னும் நாய். பிரான்சிஸ் பாரோ என்னும் ஓவியர் தீட்டிய இந்நாய், கிராமஃபோன் குழாயின் முன் தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். முதலில் உருளை போட்டு ஒலிக்கும் ஃபோனோகிராஃபை வரைந்திருந்த ஓவியர், 1899-இல் கிராமஃபோன் கம்பெனி வாங்க முன்வந்தபோது அதை அழித்து அவர்கள் கருவியைத் தீட்டிக் கொடுத்தார். எச்.எம்.வி. என்னும் பெயரே அந்தப் படத்திலிருந்து வந்தது. உலகில் மிகுதியாக அச்சேறிய இசைப் படங்களுள் ஒன்றான இதில் பாடுபவர் இல்லை. வாசிப்பவர் இல்லை. கேட்பவர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் நாய். கருவியைக்கூட விலை பேசி மாற்றினார்கள், கேட்பவரை மாற்றவில்லை. இசை வணிகத்தின் நடுநாயகம் யார் என்பதை அக்கம்பெனி அன்றே உணர்ந்திருந்தது. ஆய்வுலகம்தான் தாமதம்.

5. ஒலியியல்

வாக்ஸ் ஏசி30 என்னும் வால்வு ஆம்ப் இத்துறையில் பெருவழக்கு. பெயரிலுள்ள 30 அதன் வாட். வால்வு ஆம்ப் நல்ல குரலில் பேச வேண்டுமானால் அதை உரக்கப் பேசவிட வேண்டும். கடையோ சிறிது, மேல்மாடியில் குடியிருப்போர் உண்டு. ஆகவே சவுண்ட் செக்கின்போது கவுன்டரிலிருந்து ‘குறைங்க’ என்று குரல் வரும். ஆற்றலைப் பாதியாக்கினாலும் ஒலி மூன்று டெசிபெல்தான் இறங்கும். காதுக்கு அது கொஞ்சம் என்றுதான் படும். கிட்டார்க்காரர் பாதி தியாகம் செய்தேன் என்பார். கடைக்காரர் ஒன்றுமே குறையவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை. இவ்வகை வழக்கு இயற்பியலில் அரிது, குடும்பத்தில் அதிகம்.

டிரம்ஸுக்கு அந்தத் திருகும் கிடையாது. ஆகவே ஸ்னேர் மேல் ஒரு துண்டு போடுவார்கள். பாத்திரம் துடைக்கும் துண்டை டிரம்ஸ் மேல் போட்டு ஒலியை அடக்குவது ரிங்கோவே 1960-களின் கடைசியில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கையாண்ட முறை என்பதால் அது பழுதற்றது.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்னும் சவுண்ட் செக் வீணாகும். அப்போது கடை காலி. ஆறரைக்குக் கூட்டம் நுழைந்ததும் ஒலி வேறாகிவிடும். ஏன் எனின், ஹார்வர்டில் வாலஸ் சபைன் இதை 1895-லேயே ஆராயத் தொடங்கிவிட்டார். பேச்சு புரியாமல் எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, எதிரொலி ஓயும் நேரத்தை அளந்தார். மெத்தையைப் போலவே மனித உடலும் ஒலியைக் குடிக்கும் என்று கண்டார். அளப்பவரின் உடுப்பு மாறினால் அளவும் மாறுவதைக் கண்டதும், முந்தைய அளவுகளை ஒதுக்கிவிட்டு, அதன்பின் ஒரே உடுப்பில் நின்று அளந்தார். அறிவியலுக்காக உடுப்பு மாற்றாதிருந்த பெருந்தகை அவர். கிட்டார்க் குழுவினரும் அவ்வழியில் வந்தவர்களே.

இதனைக் கடைக்குப் பொருத்துக. ஜனவரியில் கூட்டம் கம்பளிக் கோட்டோடு வரும். சிம்பல் ஒலி மழுங்கும். ஜூலையில் டி-ஷர்ட்டோடு வரும். அதே சிம்பல் காதைக் கீறும். ஆக, நீங்கள் போட்டுக்கொண்டு வரும் உடுப்பு அன்றைய இசையமைப்பின் ஒரு பகுதி. குழுவில் நால்வர் கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்க, நூற்றைம்பது பேர் கோட்டு வாசிக்கிறார்கள். பெரும்பான்மை யார் என்பதை எண்ணத் தெரிந்தவர் எண்ணிக்கொள்க.

6. கைதட்டலும் அதன் இடர்களும்

நுழையும்போதே தட்டைக் கையில் கொடுத்துவிடும் கடைகளில் ஒரு பெருஞ்சிக்கல் எழுகிறது. தட்டு 12 அங்குலம். உறை அதைவிடச் சற்று அகலம். மூலை மடங்கினால் மனம் மடங்கும். பையில் போடலாம்; பை நெரிசலில் மாட்டும். தரையில் வைக்கலாம், அதை யாரும் செய்ததாகப் பதிவில்லை. இந்நிலையில் பாட்டு முடிகிறது. கை தட்ட வேண்டும்.

களத்தில் மூன்று மரபுகள் காணப்பட்டன. அக்குள் மரபினர் தட்டை இடது அக்குளில் இடுக்கி, முழங்கையை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டுவர். ஓசை குறைவு, பாதுகாப்பு மிகுதி. முழங்கால் மரபினர் இரு முழங்காலுக்கிடையே தட்டை நிறுத்தி விடுதலையாகத் தட்டுவர். ஆனால் அடுத்த பாட்டுக்குத் தாளம் போட முடியாது. மார்பு மரபினர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது விரல்களால் உறையின் முதுகில் தட்டுவர். அட்டையில் எழும் அந்த ஒலி கைதட்டலைவிடக் கம்பீரமானது என்பது ஆய்வாளரின் சொந்தக் கருத்து. இம்மூன்று மரபினரும் பாட்டுக்குப் பாட்டு ஒருவரையொருவர் பார்த்து மரபு மாறுவதும் உண்டு. மேடையிலிருந்து பார்த்தால் இது குழு நடனம்.

இதனினும் கடியது சுருதி சேர்க்கும் நேரம். நம் களத்தில் மூன்றாம் பாட்டு முடிந்ததும் கிட்டார்க்காரர் குனிந்து, காலடியிலுள்ள டியூனர் பெடலை மிதித்தார். மிதித்தால் ஆம்புக்குப் போகும் ஒலி அறுந்துவிடும். அவருக்குச் சிறு விளக்குகள் மட்டும் தெரியும். ஒரு கம்பி இறங்கியிருந்தது போலும். அவர் திருகினார். விளக்கு சிவப்பு. மீண்டும் திருகினார். கடையின் குளிர்பானப் பெட்டி உறுமுவது எல்லார்க்கும் கேட்டது. பாடகர் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்தபின் மூடியை ஒவ்வொரு புரியாக நிதானமாகத் திருகினார். பேஸ்காரர் காலடியில் ஒட்டிய செட் லிஸ்ட்டைப் புதிதாகக் கண்டவர்போல் படித்தார். அப்போது குழு முழுவதும் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தது. கூட்டத்துக்கு வேறு வழியில்லை, சிரித்தது. முன்வரிசைப் பெண்ணொருத்தி ‘பரவாயில்லை, மெதுவாக’ என்றாள். யாரோ ஒருவர் ஒற்றைக் கையால் உறையைத் தட்டினார். விளக்கு பச்சையாகும் வரை நிகழ்ச்சியைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை.

7. கல்லா

கடைக் கச்சேரிக்குத் தனி நுழைவுச் சீட்டு அரிது. ஆல்பத்தை முன்பதிவு செய்தால் நுழைவு கூடவே வரும். விலை தட்டின் விலையோடு சற்றே கூடுதலாக இருக்கும், சில கடையில் அதுவுமில்லை. கள உதவியாளருக்கு இது பிடிபடவில்லை.

“அண்ணை, தட்டின்ர விலையைத்தானே எடுக்கினம். அப்ப பாட்டு இலவசமோ, இல்லாட்டி தட்டு இலவசமோ? கணக்கிலை எந்தப் பக்கம் எழுதுறது?”

“ரெண்டும் இலவசம் இல்லை தம்பி. உங்களை எண்ணுறதுக்குத்தான் இவ்வளவும்.”

“என்னை ஏன் எண்ணுவான்?”

பட்டியலுக்காக. 1952 நவம்பர் 14 அன்று பிரிட்டனின் முதல் விற்பனைப் பட்டியலை ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் கடைகளுக்குத் தொலைபேசி போட்டு, எது எவ்வளவு போயிற்று என்று கேட்டுத் தொகுத்தார். இன்று கல்லா ஸ்கேனர் கேட்கிறது, கேள்வி அதேதான். வெள்ளி முதல் வியாழன் வரை விற்றவை எண்ணப்பட்டு, அடுத்த வெள்ளி மாலை பட்டியல் வருகிறது. இணைய ஸ்ட்ரீமிங்கில் பெருநட்சத்திரங்களோடு போட்டியிட முடியாத சிறு குழுவுக்கு, கடைக்குள் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு முழுத் தட்டு. ஆகவேதான் அந்த ஒரு வாரத்தில் கிங்ஸ்டன், பிரைட்டன், லீட்ஸ், நாட்டிங்ஹாம் என்று வேன் ஓடுகிறது. சில நாளில் மதியம் ஓர் ஊர், மாலை ஓர் ஊர். அமெரிக்காவில் பில்போர்டு இவ்வகைக் கூட்டு விற்பனைக்கு 2020-இல் கதவடைத்தது: கச்சேரிச் சீட்டோடு சேர்த்துத் தள்ளும் ஆல்பத்தைப் பட்டியலில் எண்ணமாட்டோம் என்றது. பிரிட்டன் கடைகளில் கதவு திறந்தே இருக்கிறது.

விளக்கத்தைக் கேட்ட உதவியாளர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் பாட்டுக் கேட்க வரேல்லை. வாக்குப் போட வந்திருக்கிறன்” என்றார். பல்கலைக்கழகம் இவருக்குப் பட்டம் வழங்கினால் ஆய்வாளருக்கு ஆட்சேபணை இல்லை.

8. கையெழுத்து

கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடை மேசையாகும். குழு உட்காரும், கூட்டம் வரிசையாகும். இதுவரை ரசிகர் பெரும்பாலும் வாய்திறவாது நடித்தார். இனி அவருக்கு வசனம் உண்டு. ஒருவருக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு விநாடி. அதற்காக வரிசை நெடுக உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். நான்காவது பாட்டின் நடுவில் வரும் அந்தத் தாள மாற்றம் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் சிங்கிளை வானொலியில் கேட்ட இரவு பற்றிச் சொல்ல வேண்டும். தங்கைக்கும் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். மேசையை அடைந்ததும் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “ரொம்ப நல்லா இருந்துச்சு.” மேசைக்கு அந்தப் பக்கம், “ரொம்ப நன்றி. பேர் என்ன?”

என் உதவியாளர் பெயர் தேவார மூவரில் ஒருவர் பெயர். ஆங்கிலத்தில் 16 எழுத்து. பாடகர் வெள்ளி மார்க்கரை உறைமேல் வைத்தபடி நிமிர்ந்தார். உதவியாளர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். ஏழாம் எழுத்தில் உறையின் ஓரம் வந்துவிட்டது. பாடகர் அசராமல் உறையைத் திருப்பி, மீதியை மேல்நோக்கி எழுதினார். பேஸ்காரர் எட்டிப் பார்த்தார். டிரம்மர் தன் கையெழுத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பின்னால் வரிசை பொறுமையிழந்தது. எழுதி முடித்ததும் பாடகர் அதைத் தூக்கிப் பிடித்து வாய்விட்டுப் படிக்க முயன்றார். மூன்றாம் முயற்சியில் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. உதவியாளர் கை தட்டினார்.

அந்த ஒரு நிமிடத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர் திருத்தம் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் கண் எடுக்காமல் பார்த்தார்கள். மை காயும்வரை தட்டைக் கிடையாக ஏந்தி, வாயால் ஊதிக்கொண்டு அவர் வெளியேறியபோது, வாசல்வரை குழுவின் கண்கள் பின்தொடர்ந்தன. கருதுகோளுக்கு இதனினும் நேரடிச் சான்று ஆய்வாளருக்குக் கிட்டவில்லை, தேடவுமில்லை.

9. மறுப்பும் விடையும்

அற்றேல், பாடுவது குழுவன்றோ எனின், ஆம். ஆனால் பாடுவதால் மட்டும் ஒருவர் நிகழ்த்துபவர் ஆகார். வேன் ஓட்டும்போதும் அவர்கள் பாடுகிறார்கள்.

ரசிகர் காசு கொடுத்தல்லவா வருகிறார், நிகழ்த்துபவர் காசு கொடுப்பாரோ எனின், வளர்ந்துவரும் குழுவின் வரவுசெலவை அறியாதார் கூற்று அது. வேனுக்குப் பெட்ரோல் போட்டவர்களும் காசு கொடுத்துத்தான் நிகழ்த்துகிறார்கள்.

பெரிய அரங்கிலும் கூட்டம் கத்துகிறது, ஆடுகிறது, கூடவே பாடுகிறது. அங்கும் ரசிகர்தாம் நிகழ்த்துபவரோ எனின், அன்று. அங்கே நிகழ்த்துவது கூட்டம், கூட்டத்துக்கு முகமில்லை. கடையில் நிற்பவருக்கு முகம் உண்டு, மேல் கோட்டு உண்டு, கையில் தட்டு உண்டு, கடைசியில் எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டிய பெயரும் உண்டு.

10. முடிபும் பரிந்துரையும்

இத்திணையின் உரிப்பொருள் நிற்றலும் நிற்றல் நிமித்தமும் என்பது இதனால் பெறப்பட்டது. ஒரு குழு வளர்வதென்பது அது தன் ரசிகரைத் தனித்தனியே பார்க்கும் திறனை இழப்பது. நூற்றைம்பது முகம் ஆயிரத்தைந்நூறு ஆகும்போது முன்வரிசை மட்டும் மிஞ்சும். அதற்கு மேல் விளக்கு மேடைப் பக்கம் திரும்பிவிடும், குழுவுக்கு எதிரே கருப்புதான். ஆக, கடைக் கச்சேரி என்பது ஒரு குழு தன் ரசிகரைப் பார்க்கக் கிடைக்கும் மிகச் சில வாய்ப்புகளுள் ஒன்று. ரசிகருக்குக் குழுவைப் பார்க்கப் பின்னால் எத்தனையோ வழியுண்டு.

பரிந்துரைகள் மூன்று. ஒன்று, சவுண்ட் செக்குக்குக் கூட்டத்தையும் அழைக்க வேண்டும். இயலாவிடில் அவர்கள் கோட்டையாவது கேட்டு வாங்கி மாட்டிவைக்க வேண்டும். இரண்டு, தட்டைக் கச்சேரி முடிந்தபின் கொடுக்க வேண்டும். மேற்சொன்ன மூன்று மரபுகளும் அழிந்துபோகுமே எனின், அவற்றைக் காணொளியில் பதிந்து காப்பகத்தில் வைக்கலாம். மூன்று, முன்வரிசையில் நிற்க விரும்புவோர் சுருதி சேர்க்கும் நேரத்துக்கென்று ஒரு முகபாவத்தை வீட்டிலேயே பயின்று வர வேண்டும். அதிகம் சிரித்தால் குழு பதறும். சிரிக்காவிட்டால் கம்பி அறும்.